விசில் சத்தத்தில் எடுத்த படம்

(திரைப்படச் சங்கம் ஒன்றின் மாதாந்திரத் திரையிடலுக்கு முன் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



படம் போடுவதற்கு முன்னால் அரை மணி நேரம் பேசுங்கள் என்று செயலாளர் கேட்டார். சர்ச்சையில் சிக்கிய படமாக இருக்கட்டும், போலீஸ் கதை என்றால் கூட்டம் வரும் என்றும் சொன்னார். வந்திருக்கிறது. பின்வரிசையில் நிற்பவர்கள் தூணுக்குப் பக்கத்தில் வந்து உட்காரலாம், அங்கிருந்தும் திரை தெரியும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் விமர்சகன் இல்லை. முப்பது வருடத்துக்கும் மேல் கோடம்பாக்கத்து டப்பிங் தியேட்டர்களில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன். ஒரு காட்சியை இருநூறு தடவை பார்த்திருப்பேன். கதாநாயகி என்ன நிறப் புடவை கட்டியிருந்தாள் என்று கேட்டால் தெரியாது. எந்த வார்த்தையில் மூச்சு வாங்கினாள் என்று கேளுங்கள், சொல்கிறேன். ஆகவே இன்றைக்கு நான் பேசப்போவதும் காதால் பார்த்த படத்தைப் பற்றித்தான். வில்லியம் ஃப்ரீட்கின் எழுதி இயக்கி, அல் பச்சினோ நடித்து, 1980 பிப்ரவரியில் வெளிவந்த ‘குரூசிங்’.

நம்மிடம் மஃப்டி என்று ஒரு சொல் உண்டு. சீருடையைக் கழற்றி வைத்துவிட்டுச் சட்டை பேன்ட்டோடு திருவிழாக் கூட்டத்தில் நிற்கிற காவலர் மஃப்டியில் இருக்கிறார். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் அவர் அதே மனிதர், அதே பெயர். அண்டர்கவர் என்பது வேறு. அங்கே பெயரே மாறிவிடும். குடியிருக்கும் வீடு, பழகும் ஆட்கள், சிரிக்கும் விதம் எல்லாமே மாறும். தமிழ் சினிமாவில் இதற்கு ஒரு வாய்ப்பாடு இருக்கிறது. 2007இல் வந்த ‘போக்கிரி’யை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மணி நேரம் அடியாளாகத் திரிந்த ஆள், முடிகிற நேரத்தில் காக்கிச் சட்டையோடு நடந்து வருகிறார். தியேட்டரில் விசில் காதைப் பிளக்கும். அவர் அத்தனை நாள் ரவுடிகளோடு தின்று, குடித்து, சுட்டுத் தள்ளியதெல்லாம் அந்த ஒரு சட்டையில் துடைத்துக்கொண்டு போய்விடும். உடுப்பைப் போட்டதும் மனிதர் பழையபடி ஆகிவிடுவார் என்பது நம் படங்களின் நம்பிக்கை.

ஃப்ரீட்கினுக்கு அந்த நம்பிக்கை கிடையாது.

கதை சிறியது. நியூயார்க்கில் தன்பாலீர்ப்பாளரான ஆண்கள் ஒருவர்பின் ஒருவராகக் கத்தியால் குத்திக் கொல்லப்படுகிறார்கள். படத்தின் முதல் காட்சியிலேயே ஆற்றில் ஓர் அறுபட்ட கை மிதந்து வருகிறது. செத்தவர்கள் எல்லாரும் ஏறக்குறைய ஒரே சாயல், கறுத்த முடி, கறுத்த கண். கேப்டன் எடல்சன் அந்தச் சாயலில் ஒரு ரோந்துக் காவலரைத் தேடிப் பிடிக்கிறார். ஸ்டீவ் பர்ன்ஸ், அதாவது அல் பச்சினோ. காணாமல் போகச் சம்மதமா என்கிற மாதிரிதான் அவனிடம் கேட்கிறார். வேலை முடிந்தால் துப்பறிவாளர் பதவி, தங்க நிற பேட்ஜ். பர்ன்ஸ் ‘ஜான் ஃபோர்ப்ஸ்’ என்று பெயர் மாற்றிக்கொண்டு கிரீனிச் வில்லேஜில் வாடகை வீடு பிடிக்கிறான். இரவுகளில், தோல் உடையும் சங்கிலியுமாக ஆண்கள் மட்டும் கூடுகிற மதுக்கூடங்களுக்குப் போய் நிற்கிறான். தூண்டிலில் புழுவாக.

சொற்களைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தப் படத்தைப் பற்றித் தமிழில் இருபது வருடத்துக்கு முன்னால் பேசியிருந்தால் நான் என்ன சொல் சொல்லியிருப்பேன் என்று நினைக்கவே கூச்சமாக இருக்கிறது. எங்கள் தியேட்டரில் புழங்கியவை எல்லாம் கேலிச் சொற்கள். காமெடி டிராக்கில் அப்படி ஒரு பாத்திரம் வந்தால் குரலை எப்படி நெளிக்க வேண்டும் என்று டப்பிங் கலைஞருக்கு நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். சென்னை உயர் நீதிமன்றம் வற்புறுத்திய பிறகு, 2022இல் தமிழ்நாடு அரசு மரியாதையான சொற்களைத் தொகுத்து வெளியிட்டது. அதற்குப் பிறகுதான் என் போன்றவர்கள் நாக்கைத் திருத்திக்கொண்டோம்.

‘குரூசிங்’ என்ற தலைப்புக்கு இரண்டு அர்த்தம். போலீஸ் வண்டி தெருத்தெருவாக மெதுவாகச் சுற்றிவருவதும் குரூசிங், துணை தேடி ஆண்கள் பூங்காவிலும் தெருவிலும் பார்வையை வீசிக்கொண்டு நடப்பதும் குரூசிங். நம்முடைய ‘ரோந்து’க்கு முதல் அர்த்தம் மட்டும்தான் உண்டு. இந்த இரண்டு நடையும் ஒரே நடைதான் என்று படம் முழுக்க ஃப்ரீட்கின் காட்டிக்கொண்டே இருக்கிறார். ஆரம்பத்திலேயே ரோந்துக் காரில் இரண்டு காவலர்கள் வருகிறார்கள். பெண் உடையில் தெருவில் நிற்கும் இருவரைக் காரில் ஏற்றி மிரட்டுகிறார்கள். அந்தக் காவலர்களில் ஒருவராக ஜோ ஸ்பினெல் நடித்திருக்கிறார். பின்னால் அதே ஆள் பர்ன்ஸ் போகிற மதுக்கூடத்து இருட்டில் தலைகாட்டுவார். யார் வேட்டைக்காரன், யார் இரை என்கிற கேள்வி அங்கேயே தொடங்கிவிடுகிறது.

இனி அந்த விசிலுக்கு வருகிறேன்.

1979 கோடையில் படப்பிடிப்பு நடந்தது. திரைக்கதையின் பிரதி வெளியே கசிந்தது. ‘வில்லேஜ் வாய்ஸ்’ பத்திரிகையில் பத்தி எழுதிவந்த ஆர்தர் பெல், படப்பிடிப்பு எங்கே நடந்தாலும் போய்த் தொந்தரவு கொடுங்கள் என்று வாசகர்களைக் கேட்டுக்கொண்டார். பெல் வெறும் வம்பர் இல்லை. தன்பாலீர்ப்பாளர்கள் கொல்லப்பட்ட, போலீஸ் சரியாகத் துப்புத் துலக்காத வழக்குகளைத் தேடித்தேடி எழுதியவர். இன்னும் விசேஷம், ஃப்ரீட்கினைப் படம் எடுக்கத் தூண்டியவற்றில் பெல்லின் கட்டுரைகளும் அடக்கம். கொலைகளைப் பற்றி எழுதியவரே படத்தை நிறுத்தச் சொன்னார்.

மக்கள் திரண்டார்கள். எப்படித் தொந்தரவு கொடுத்தார்கள் என்பதுதான் என் போன்றவனுக்குச் சுவாரஸ்யம். மாடிகளில் ஏறிக் கண்ணாடி பிடித்து, கேமரா இருக்கும் இடத்தில் வெளிச்சத்தைத் திருப்பிவிட்டார்கள். பக்கத்து வீடுகளில் பாட்டை உரக்க வைத்தார்கள். ஏர் ஹாரனை அமுக்கினார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக விசில், நூற்றுக்கணக்கில். அந்தக் காலத்தில் சான் பிரான்சிஸ்கோவில் தன்பாலீர்ப்பாளர்கள் பாக்கெட்டில் விசில் வைத்திருப்பார்கள். அடிக்க வருகிறவர்களைக் கண்டால் ஊதுவார்கள், அக்கம்பக்கத்தார் ஓடிவருவார்கள். நம் ஊரில் விசில் என்றால் கொண்டாட்டம். அவர்களுக்கு அது ‘காப்பாற்றுங்கள்’. ஆபத்துக்கு ஊதவேண்டியதை ஒரு சினிமா யூனிட்டைப் பார்த்து ஊதினார்கள் என்றால், அந்த யூனிட்டை அவர்கள் என்னவாகப் பார்த்தார்கள் என்று புரிந்துகொள்ளலாம்.

ஒரு சினிமாவுக்கு இத்தனை கோபமா என்று இங்கே உட்கார்ந்து கேட்பது சுலபம். காலத்தைப் பாருங்கள். 1969 ஜூனில் கிரீனிச் வில்லேஜில் ஸ்டோன்வால் என்ற தன்பாலீர்ப்பாளர் மதுக்கூடத்தில் போலீஸ் சோதனை போட்டதும் மக்கள் திருப்பித் தாக்கியதும் நடந்து பத்து வருடம்தான் ஆகியிருந்தது. தன்பாலீர்ப்பை மனநோய்களின் பட்டியலிலிருந்து அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் எடுத்ததே 1973இல்தான். 1978 நவம்பரில் சான் பிரான்சிஸ்கோவில், தன்பாலீர்ப்பாளர் என்று வெளிப்படையாகச் சொன்ன நகரசபை உறுப்பினர் ஹார்வி மில்க் அலுவலகத்தில் வைத்தே சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவர் டான் வைட், அவரோடு நகரசபையில் இருந்தவர், அதற்கு முன் போலீஸ்காரர். கொலைக் குற்றம் இல்லை, அதைவிடக் குறைந்த குற்றம்தான் என்று 1979 மே மாதம் தீர்ப்பு வந்தது. அன்று இரவு ஊரே பற்றி எரிந்தது. அடுத்த சில வாரங்களில்தான் நியூயார்க்கில் ஃப்ரீட்கின் கேமராவைத் தூக்கிக்கொண்டு வருகிறார். கையில் என்ன கதை? தன்பாலீர்ப்பாளர்களின் மதுக்கூடம், இரத்தம், கத்தி, மாறுவேடத்தில் ஒரு போலீஸ்காரன். அந்த வாரங்களில் அந்தத் தெருவில் நான் குடியிருந்திருந்தால் நானும் ஒரு விசில் வாங்கியிருப்பேன்.

மேயர் எட் கோச் படப்பிடிப்பு அனுமதியை ரத்து செய்ய மறுத்துவிட்டார். நகரத்துக்குப் படத்தொழில் திரும்பி வரவேண்டும் என்பது அவர் கவலை. ஆயிரம் பேர் வரை ஊர்வலம் போனார்கள். படப்பிடிப்புக்குப் போலீஸ் பாதுகாப்பு போட்டார்கள். அந்தக் காட்சியை நினைத்துப் பாருங்கள்: அந்த மதுக்கூடங்களில் வருடக்கணக்காகச் சோதனை போட்ட அதே இலாகா, அதே மாதிரி மதுக்கூடத்துக்குள் ஒரு பொய்ப் போலீஸ்காரன் நுழையும் காட்சிக்குக் காவல் நிற்கிறது. ஃப்ரீட்கின் இதைப் படமாக எடுத்திருந்தால் ‘குரூசிங்’கைவிட நல்ல படம் கிடைத்திருக்கும்.

விசிலின் விளைவு என்ன? தெருவில் எடுத்த காட்சிகளில் பெரும்பகுதி வசனம் பயன்படுத்த முடியாமல் போயிற்று. பின்னால் டப்பிங் பேசவேண்டி வந்தது.

நமக்கு இது பெரிய விஷயமாகத் தோன்றாது. நாம் காலம்காலமாக டப்பிங்கில் வாழ்ந்தவர்கள். படப்பிடிப்பில் பதிகிற சத்தம் வெறும் பைலட் டிராக். உதட்டசைவுக்கு வழிகாட்டி, அவ்வளவுதான். ஒருமுறை கொங்கு பக்கம் கிராமத்தில் எடுத்த படம் எங்களிடம் வந்தது. அம்மன் கோயில் நோன்பு நாள், குழாய் ஸ்பீக்கரில் பாட்டு. பைலட் டிராக்கில் எல்.ஆர்.ஈஸ்வரி மட்டும்தான் இருக்கிறார், கதாநாயகி இல்லை. அந்த அம்மாள் தியேட்டருக்கு வந்து, எழுதிவைத்த வசனத்தை விட்டு இடத்திலேயே என்னவோ மாற்றிப் பேசினேன், நினைவில்லை சார் என்றார். உதவி இயக்குநருக்கும் நினைவில்லை. ஒரு முழு மதியம், தன் உதட்டைத் தானே உற்றுப் பார்த்து, தான் என்ன பேசினோம் என்று கண்டுபிடித்தார். நான் ரீலைத் திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் கிடைத்த வாக்கியம், ‘நான் வரலைன்னு சொல்லிடு’. அதைத் தாழ்ந்த குரலில் சொன்னார். திரையில் இருந்த முகமோ கத்திக்கொண்டிருந்தது. நாங்கள் அப்படியே விட்டுவிட்டோம். படத்தில் அதுதான் நல்ல காட்சி என்று பலர் சொன்னார்கள்.

‘குரூசிங்’கில் நடந்தது இதுபோன்ற விபத்து. தெருவில் அல் பச்சினோ நடக்கிறார். சுற்றிலும் கூட்டம் கத்திக்கொண்டிருந்திருக்கிறது. நமக்குக் கேட்பதோ பூட்ஸ், சாவிக்கொத்து, தோல் ஜாக்கெட் மடங்கும் கிறீச். அந்தத் தோல் சத்தத்தைக் கவனியுங்கள். இயல்பில் அது அத்தனை கேட்காது. யாரோ மைக்குக்கு அரை அடி தள்ளி வைத்துக்கொண்டு கசக்கியிருக்கிறார்கள். மனிதக் குரல்கள் பின்வாங்கிப் போய் உடைகள் பேசுகின்றன. ஊரில் ஆளே இல்லாத மாதிரி ஓர் அமைதி. ஒரு சமூகம் ‘எங்களை இப்படிக் காட்டாதே’ என்று கத்திய சத்தத்தை மொத்தமாக வழித்து எடுத்த பிறகு மிஞ்சிய அமைதி அது. அந்த அமைதியால்தான் படம் பயமுறுத்துகிறது. எதிர்த்தவர்கள் தங்களுக்குத் தெரியாமல் இந்தப் படத்துக்கு ஒலி வடிவமைப்புச் செய்துகொடுத்துவிட்டார்கள் என்பது என் கட்சி.

இன்னொரு குரல் விஷயம். கொலைகாரனின் முகம் காட்சிக்குக் காட்சி நழுவுகிறது. முதல் கொலையைச் செய்பவராக நடித்தவரே இரண்டாவது கொலையில் சாகிறவராகவும் நடித்திருக்கிறார். ஆனால் குரல் ஒன்று. யார் இங்கே, நான் இங்கே என்கிற பாவனையில் சிறுபிள்ளை விளையாட்டுப் பாட்டு மாதிரி முணுமுணுக்கும் ஒரு தடித்த குரல். அதை வேறொரு நடிகர் பேசிச் சேர்த்திருக்கிறார்கள். அமெரிக்க விமர்சகர்கள் இதைக் கண்டுபிடித்து வியந்து எழுதியிருக்கிறார்கள். நமக்கு என்ன வியப்பு? ஒரே அம்மாள் ஒரே வெள்ளிக்கிழமை வெளியான இரண்டு படங்களில் இரண்டு கதாநாயகிகளுக்குக் குரல் கொடுத்ததைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆனால் நாம் அதைச் சௌகரியத்துக்குச் செய்தோம். ஃப்ரீட்கின் அதையே கதையாக்கினார். கொலை ஒரு ஆளின் குணமல்ல, உடம்பு விட்டு உடம்பு போகிற குரல் என்கிறார். படம் பாதி தாண்டியதும், கொலம்பியா பல்கலைக்கழக மாணவன் ஸ்டூவர்ட் பூங்கா பெஞ்சில் தன் அப்பாவோடு பேசுகிறான். அப்பா இறந்து பல வருடமாகிவிட்டது. அந்த அப்பாவின் குரலை உற்றுக் கேளுங்கள். இதற்கு மேல் சொன்னால் டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்பீர்கள்.

இனி இரண்டு காட்சிகள்.

ஒரு கடை. வண்ண வண்ணக் கைக்குட்டைகள் தொங்குகின்றன. பர்ன்ஸ் இதெல்லாம் எதற்கு என்று கேட்கிறான். கடைக்காரர், நம் ஜவுளிக்கடைச் சிப்பந்தி பார்டரையும் முந்தியையும் விவரிக்கிற அதே பொறுமையோடு, எந்த நிறக் கைக்குட்டையைப் பேன்ட்டின் எந்தப் பக்கத்துப் பின் பாக்கெட்டில் செருகினால் என்ன விருப்பம் என்று அர்த்தம் என விளக்குகிறார். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு பொருள், வலமா இடமா என்பதற்கு ஒரு பொருள். பர்ன்ஸ், வீட்டுக்குப் போய் யோசித்துப் பார்க்கிறேன் என்று கழன்றுகொள்கிறான். ஒரே நிமிடக் காட்சி. அதில் அந்த உலகத்துக்கு ஓர் ஒழுங்கும் இலக்கணமும் இருப்பது தெரிந்துவிடுகிறது. படத்தில் பெரும்பாலான இடங்களில் கிடைக்காத மரியாதை இந்தக் கடைக்காரர் வழியாகக் கிடைக்கிறது.

இன்னொன்று, மதுக்கூடத்தில் ‘போலீஸ் ஸ்டேஷன் இரவு’. அன்றைக்கு வருகிறவர்கள் எல்லாரும் போலீஸ் உடையில் வரவேண்டும். உள்ளே கூட்டம் கூட்டமாகத் தொப்பியும் லத்தியும். பர்ன்ஸ் சாதாரண உடையில் போகிறான். அவனை வெளியே அனுப்பிவிடுகிறார்கள். அத்தனை பேரில் அவன் ஒருவன்தான் உண்மையான போலீஸ்காரன்! ‘போக்கிரி’யில் காக்கிச் சட்டை எல்லாவற்றையும் தீர்த்துவைத்தது என்றேனே, இங்கே காக்கிச் சட்டை ஒரு நாடக உடுப்பு. அதைப் போட்டுக்கொள்ள யாருக்கும் தகுதி உண்டு, அவனுக்கு மட்டும் இல்லை.

விசாரணைக் காட்சி ஒன்றும் இருக்கிறது. சந்தேகத்தின்பேரில் ஒரு ஹோட்டல் சர்வரைப் பிடித்து அடிக்கிறார்கள். திடீரென்று கதவைத் திறந்துகொண்டு ஆறடிக்கு மேல் உயரமான ஓர் ஆள், தலையில் கௌபாய் தொப்பி, இடுப்பில் ஒரு துண்டுத் துணி, வேறொன்றுமில்லை. வந்து ஓர் அறை அறைந்துவிட்டுப் போய்விடுகிறார். ஏன் அந்தக் கோலம்? நடந்ததை அந்தப் பையன் நீதிமன்றத்தில் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள் என்பதற்காக. இது கற்பனை இல்லை, நியூயார்க் போலீசில் நடைமுறையில் இருந்ததுதான் என்பது படத்துக்கு ஆலோசகராக இருந்த துப்பறிவாளர் ராண்டி ஜர்கென்சன் வழியாக வந்த தகவல். ஜர்கென்சன் 1960களில் பர்ன்ஸ் பார்த்த மாதிரியான வேலையைப் பார்த்தவர். அந்த நாட்கள் தன் மனத்தைக் கலக்கிவிட்டதாக ஃப்ரீட்கினிடம் சொன்னவர். பிடிபட்ட பையன் நிரபராதி. கத்தி பொருந்துகிறது என்று கதை கட்டினார்கள், கைரேகை பொருந்தவில்லை. மன்னிப்பும் கிடையாது, தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. எதிர்ப்பாளர்கள் இந்தப் படத்தைப் போலீஸ் பக்கம் நின்று எடுத்ததாக நினைத்தார்கள். என் பார்வையில் அந்த வருடங்களின் அமெரிக்கப் படங்களில் போலீசை இத்தனை கேவலமாகக் காட்டியவை கொஞ்சம்தான்.

அப்படியானால் எதிர்ப்பாளர்கள் சொன்னது தவறா? இல்லை. அவர்கள் பயந்தது எதைப் பற்றி என்றால், தங்களை ஒருநாளும் திரையில் பார்த்திராத ஊர்களில், முதன்முதலாகப் பார்க்கப்போவது இந்த இருட்டுக் கூடத்தையும் இரத்தத்தையும்தானா என்பது. 1975இல் ‘டாக் டே ஆஃப்டர்நூன்’ படத்தில் இதே அல் பச்சினோ, தன் துணையின் பாலின மாற்று அறுவைச் சிகிச்சைக்காக வங்கியைக் கொள்ளையடிக்க வருபவராக நடித்து உலகத்தையே கலங்க வைத்திருந்தார். இதே ஃப்ரீட்கின் 1970இல் ‘தி பாய்ஸ் இன் தி பேண்ட்’ எடுத்தவர். தெரிந்தவர்களே இப்படிச் செய்கிறார்களே என்ற ஆற்றாமையும் அந்தக் கோபத்தில் கலந்திருந்தது. ஃப்ரீட்கின் இது ஒரு பின்னணி மட்டுமே என்று சொல்லிக்கொண்டிருந்தார். பின்னணி என்ற சொல் எனக்குப் பிடிக்காது. அந்தப் பின்னணியில் குடியிருப்பவர்களுக்கு அது முன்னணி.

ஆனால் எதிர்த்தவர்களோடும் எனக்கு ஒரு வழக்கு உண்டு. அந்த மதுக்கூடக் காட்சிகளில் துணை நடிகர்களாக நின்றவர்கள் உண்மையிலேயே அங்கே போய்வந்த ஆட்கள். மைன்ஷாஃப்ட் என்ற பெயர்போன கூடம் படமெடுக்க இடம் தரவில்லை; ஹெல்ஃபயர் என்ற வேறொரு கூடத்தை அதே மாதிரி ஜோடித்து எடுத்தார்கள், மைன்ஷாஃப்டின் வாடிக்கைக்காரர்களே வந்து நின்றார்கள். அவர்களைப் பார்த்துத் தெருவிலிருந்து ‘துரோகி’ என்ற பாணியில் கத்தினார்கள். பக்கத்து வீட்டு மனிதர்களாக, வேலைக்குப் போகிற கௌரவமான மனிதர்களாக எங்களைக் காட்டு என்று கேட்ட ஊர்வலம், தோல் ஜாக்கெட்காரர்களைப் பார்த்துக் கொஞ்சம் வெட்கப்பட்டது. இந்த வெட்கத்தை நாம் அறிவோம். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் எந்தச் சித்தப்பாவைப் பின்கட்டுக்கு அனுப்புவோம் என்று எல்லாக் குடும்பத்துக்கும் தெரியும்.

தணிக்கையில் படம் பட்டபாட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதலில் ‘எக்ஸ்’ சான்றிதழ்தான் என்றார்கள். அதாவது பெரிய தியேட்டர்கள் கிடைக்காது. ‘ஆர்’ வாங்குவதற்குள் ஐம்பது தடவை படத்தைத் தூக்கிக்கொண்டு போனதாகவும் நாற்பது நிமிடம் வெட்டியதாகவும் ஃப்ரீட்கின் பேட்டிகளில் சொல்லிவந்தார். அவருக்குக் கதை சொல்லத் தெரியும், எண்ணிக்கையைக் கொஞ்சம் தள்ளுபடி போட்டுக்கொள்ளுங்கள். ஜெனரல் சினிமா என்ற பெரிய திரையரங்குச் சங்கிலி, ஒத்துக்கொண்டிருந்த படத்தைப் போட மறுத்தது. தொடக்கத்தில் ஓர் அறிவிப்பையும் சேர்த்தார்கள்: இது தன்பாலீர்ப்பாளர் உலகத்தைக் குற்றஞ்சாட்டும் படமல்ல, அதில் ஒரு சின்னப் பகுதியை மட்டும் காட்டுகிறது என்கிற பொருளில். நம் படங்களில் ‘யாவும் கற்பனையே’ என்று போடுவோமே, அந்த ஜாதி. குற்றமில்லை என்று முதல் அட்டையிலேயே சொல்லும் படத்தைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். இங்கே காட்டப்போகும் பிரதியில் அந்த அட்டை இல்லை. இயக்குநர் பின்னால் அதை எடுத்துவிட்டார். வெட்டிய நாற்பது நிமிடத்தைப் பின்னாளில் தேடினார், கிடைக்கவில்லை. அந்த நாற்பது நிமிடத்தில் என்ன இருந்திருக்கும் என்று கற்பனை செய்து 2013இல் ஜேம்ஸ் ஃப்ராங்கோவும் டிராவிஸ் மேத்யூசும் ஒரு படமே எடுத்தார்கள்.

முடிவைப் பற்றி எனக்கு ஒரு மனத்தாங்கல். பக்கத்து வீட்டு டெட், நாடகம் எழுதும் நல்ல பையன், படத்திலேயே அன்பாகப் பேசுகிற ஒரே ஆள், கொல்லப்பட்டுக் கிடக்கிறான். இத்தனைக்கும் கொலைகாரன் பிடிபட்டாயிற்று. கேப்டன் எடல்சன் அங்கே வருகிறார். அடுத்த வீட்டில் ஜான் ஃபோர்ப்ஸ் என்று ஒருவர் இருந்தார் என்கிற பெயர் அவர் காதில் விழுகிறது. எடல்சனாக நடித்த பால் சொர்வினோவின் முகத்தைப் பாருங்கள். தன் கையால் செய்து அனுப்பிய பொருள் என்னவாகத் திரும்பி வந்திருக்கிறது என்று ஒரு மனிதன் கணக்குப் போடுகிற முகம். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஃப்ரீட்கின் நிறுத்தவில்லை. பர்ன்ஸ் கண்ணாடி முன் சவரம் செய்கிறான், காதலி நான்சி பக்கத்து அறையில் அவனுடைய தோல் ஜாக்கெட்டையும் தொப்பியையும் கறுப்புக் கண்ணாடியையும் போட்டுப் பார்க்கிறாள், அவன் கண்ணாடி வழியாக நம்மைப் பார்க்கிறான். கொன்றது அவனா? அவன் அந்த உலகத்துக்காரனாகிவிட்டானா? இரண்டு கேள்வியையும் ஒரே முடிச்சாகப் போட்டுவிட்டார். அங்கேதான் எனக்கு ஆகவில்லை. தன்பாலீர்ப்பும் கொலைவெறியும் ஒரே தொற்று என்று யாராவது படித்துக்கொண்டால் அந்தப் படிப்புக்குக் கதவைத் திறந்து வைத்தது அவர்தான். திரையில் தன்பாலீர்ப்பாளர்களின் வரலாற்றை எழுதிய விடோ ருஸ்ஸோ முதலானவர்கள் இதைத்தான் கேட்டார்கள். ‘புதிர்’ என்று பெயர் வைத்துப் பதில் சொல்லாமல் நழுவுவது கலை ஆகாது. சில சமயம் ஆகும், இங்கே ஆகவில்லை.

அல் பச்சினோவும் நெடுநாள் இந்தப் படத்தைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. 2024இல் வந்த தன்வரலாற்றில்தான் சொன்னார்: முடிந்த படத்தைப் பார்த்தபோது அந்தச் சமூகத்தைச் சுரண்டியதாகப் பட்டது, வாங்கிய சம்பளத்தை ஓர் அறக்கட்டளையில் போட்டுத் தர்ம காரியங்களுக்குப் போகும்படி செய்துவிட்டேன் என்று. யாரிடமும் சொல்லாமல் செய்தாராம்.

1980 நவம்பர் 19 இரவு, படத்தில் பெயரோடு வருகிற ராம்ராட் என்ற மதுக்கூடத்தின் வாசலில் ஒருவர் துப்பாக்கியால் சுட்டார். இரண்டு பேர் செத்தார்கள், ஆறு பேருக்குக் காயம். சுட்டவர் முன்னாள் சுரங்க ரயில் போலீஸ்காரர். படம்தான் இதைச் செய்தது என்று நான் சொல்லமாட்டேன், படத்துக்கு முன்னாலும் அந்தத் தெருவில் வெறுப்புக்குக் குறைவில்லை. ஆனாலும் இன்றைக்குப் படத்தில் அந்தப் பெயர்ப் பலகை வரும்போது எனக்குக் கை சில்லிடும்.

1981 ஜூனில், பின்னால் எய்ட்ஸ் என்று பெயர் பெற்ற நோயின் முதல் அறிக்கை வந்தது. படம் வெளியாகிப் பதினாறு மாதம். மைன்ஷாஃப்டை 1985இல் நகர நிர்வாகம் இழுத்து மூடியது. அந்த மதுக்கூடக் காட்சிகளில் வியர்வையோடு ஆடிக்கொண்டிருக்கிற முகங்களை நான் இப்போதெல்லாம் எண்ணிப் பார்க்கிறேன். அவர்கள் நடிகர்கள் இல்லை. அன்றைக்கு அவர்கள் அங்கே அப்படித்தான் இருந்தார்கள். வேறு எந்தப் பெரிய படக் கம்பெனியும் அந்த அறைக்குள் கேமராவைக் கொண்டுபோகவில்லை. அவமானப்படுத்த வந்த படம் என்று எதை எதிர்த்து அந்தச் சமூகம் தெருவில் நின்றதோ, அந்தப் படத்தில்தான் அதன் சிரிக்கிற முகம் மிச்சமிருக்கிறது. 2007இல் கான் விழாவில் படத்தை மறுபடி திரையிட்டார்கள். ஃப்ரீட்கின் அதைப் பார்த்துவிட்டு 2023 ஆகஸ்டில் காலமானார்.

ஆபரேட்டர் தம்பி கைக்கடிகாரத்தைக் காட்டுகிறார், போதும். ஒரு வேண்டுகோள் மட்டும். பர்ன்ஸ் தெருவில் தனியாக நடக்கும் காட்சிகளில் படத்தைப் பார்க்காமல் கொஞ்சம் கேளுங்கள். அந்தத் தெருமுனைக்கு அப்பால், போலீஸ் தடுப்புக்குப் பின்னால், ஒரு கூட்டம் நிற்கிறது. பதிவில் அது இல்லை. இருந்தாலும் சில இடங்களில் பச்சினோ தலையைத் திருப்புகிற விதத்தைப் பார்த்தால், அந்தச் சத்தம் அவர் காதில் விழுந்துகொண்டிருந்தது எனக்குத் தெரிகிறது.

நம்ம ஊர்க் கூட்டம், பச்சினோ முதலில் வரும்போது யாராவது விசில் அடிப்பீர்கள். அடியுங்கள், தடையில்லை. வசனம் கேட்காது, அவ்வளவுதான்.